முடிந்து வைத்த கொடி

இருளப்பன் காலை ஒடித்துக்கொண்டது மழை நாளில் அல்ல. பத்து நாள் விடாமல் பெய்து ஓய்ந்து, அட்டுவம்பட்டிக்கு மேலே வானம் கழுவி விட்டாற்போல் தெளிந்திருந்த ஒரு காலையில்தான். அவர் தோட்ட வேலை பார்க்கிற சுகன்யா மேடத்தின் காட்டேஜ் கேட்டிலிருந்து, கீழே அவர் குடியிருக்கிற அவுட் ஹவுஸுக்கு இறங்க முப்பத்தாறு படிகள். அவற்றில் பதினொன்றாவது படியில் பாசி. பூத்தொட்டி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கியவர் வழுக்கினார். தொட்டியை உடையாமல் மடியில் வாங்கிக்கொண்டு காலை உடைத்துக்கொண்டார்.

ஓடி வந்த மனைவி ராக்கம்மாவிடம் அவர் முதலில் கேட்டது, "தொட்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான்.

"தொட்டி நல்லாருக்கு. எந்திரிங்க."

"எந்திரிக்க முடிஞ்சா உன்னைய எதுக்குக் கூப்புடுறேன்?"

கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருந்தது. தொடை வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். பொங்கல் கழித்துத்தான் கட்டைப் பிரிப்போம், அதற்குப் பிறகும் முழங்கால் மடங்கச் சில மாதங்கள் ஆகும், படி ஏறவே கூடாது என்றார் டாக்டர். இருளப்பன் அவுட் ஹவுஸ் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தெரிகிற நாலு படியையும் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே தோட்டத்தில் இருந்தது எதுவும் அவர் கண்ணுக்குப் படாது.

அவருடைய கவலையெல்லாம் மேலே இருந்தது. ஒரு செடியின் மேல் இருந்தது.

அந்தச் செடியை அவர்தான் கொண்டுவந்து வைத்தார். சுகன்யா மேடம் மதுரைக்காரர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இந்த மலைக்கு டூர் வந்த இடத்தில், போளூர் போகும் ரோட்டோரம் பறித்துத் தின்ற மஞ்சள் முள்ளுப்பழத்தை அவர் மறக்கவே இல்லை. வீட்டை வாங்கிக் காட்டேஜாக மாற்றிய புதிதில், "ஸ்ட்ராபெரி எல்லாக் காட்டேஜ்லயும் இருக்குண்ணே. எனக்கு இந்த மலையில தானா வர்ற அந்தப் பழம் வேணும். வர்ற பிள்ளைங்க அதைக் கையால பறிச்சுச் சாப்பிடணும்" என்றார். இருளப்பன் மறு வாரமே போளூர் பஸ்ஸில் போனார். ரோடு அகலப்படுத்த மெஷின் தள்ளிக் குவித்திருந்த மண்ணில் பாதி புதைந்து கிடந்த ஒரு தூரைத் தோண்டி, சாக்கில் சுற்றி எடுத்துவந்து, கேட்டுக்குப் பக்கத்துச் சரிவில் கம்பி வேலியோரம் வைத்தார்.

அது நேராக நிற்கிற செடி இல்லை. ராக்கம்மா கொடி என்பாள், ஆனால் எதையாவது பற்றி ஏறுகிற கொடியும் இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் குச்சியை நீட்டும். கனம் தாங்காமல் அது வளைந்து படரும். நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விட்டு, அங்கிருந்து இன்னொரு குச்சியை நீட்டும். தண்டெல்லாம் செம்பட்டை மயிர் போல முள். வைத்த ஆறு மாதத்தில் வேலியோரம் பத்தடி நடந்துவிட்டது.

எல்லாம் செய்தது, பழுக்க மட்டும் இல்லை. மூன்று வருஷமாக ஒரு பழம் கிடையாது.

கால் ஒடிவதற்குக் கொஞ்ச நாள் முன்பு தீபாவளிக்கு வந்திருந்தபோது சுகன்யா மேடம் செடியின் முன்னால் நின்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் ராக்கம்மாவுக்குப் பயமாக இருந்தது.

"அண்ணே, வர்ற ஏப்ரல் மே மட்டும் பார்ப்போம். பழம் இல்லைன்னா இந்தப் பக்கம் மொத்தத்தையும் மட்டம் பண்ணி டைல்ஸ் போட்டுடலாம். ரூம் கேட்டு போன் பண்றவங்க முதல்ல பார்க்கிங் இருக்கான்னுதான் கேக்குறாங்க. போன வாரம் ஒரு பொண்ணோட துப்பட்டா இந்த முள்ளுல மாட்டிக் கிழிஞ்சிருச்சு."

"அப்ப தோட்டம்?" என்றார் இருளப்பன்.

"தொட்டியில நாலு பூ வெச்சுக்கலாம். வாரத்துல ரெண்டு நாள் யாராவது வந்து தண்ணி ஊத்தினாப் போதும். கீழே அவுட் ஹவுஸ்ல டிரைவருங்க தங்கிக்கலாம். உங்களுக்கு வேற எங்கேயாச்சும் நானே சொல்லி விடுறேன்."

வேற எங்கேயாச்சும் என்பது எப்படிப்பட்ட இடம் என்று ராக்கம்மாவுக்குத் தெரியும். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது அவளுக்கு ஒன்பது வயது. அதன் பிறகு அவள் வளர்ந்ததும், கல்யாணம் ஆனதும், மகள் வள்ளியைப் பெற்றதும் வாட்டில் மரக் காட்டில்தான். மரம் வெட்டுகிற இடத்துக்கு இடம் பெயர்ந்து, பட்டை உரித்து, பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் கீழே பனியில் படுத்த காலம் அது. வள்ளியைக் கோத்தகிரியில் கட்டிக் கொடுத்த பிறகுதான் இந்த அவுட் ஹவுஸ் அமைந்தது. ஒரு அறைதான். ஆனால் நாலு பக்கமும் கல் சுவர், புகை போக ஒரு குழாய், உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு. முதல் நாள் அவள் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்ததைப் பார்த்து இருளப்பன் சிரித்தார்.

மேடம் போன மறுநாள் ராக்கம்மா கடையிலிருந்து இரண்டு பிஸ்கட் அட்டைப்பெட்டிகளை வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

"எதுக்கு அது?" என்றார் இருளப்பன்.

"சும்மா கெடக்கட்டும்."

அவர் பெட்டியைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டார்.

மார்கழி பிறந்ததும் இருளப்பனுக்குக் கட்டிலில் இருப்புக் கொள்ளவில்லை. மார்கழி என்றால் கவ்வாத்து. செடியை வெட்டிவிடுகிற கவாத்தைச் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் அப்படித்தான் அழுத்திச் சொல்வார்கள். பதினெட்டு வயதில் சிலோன் பொகவந்தலாவையில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர் அவர். வளைந்த கத்தி. ஒரே இழுப்பில், முழங்கால் மட்டத்தில், ஒரு சாண் அகலத் தேயிலைத் தூரையே சீவித் தள்ளுவார். அவர் வெட்டிய மலையை நூல் பிடித்துப் பார்க்கலாம், துரையே நின்று பார்த்துவிட்டுத்தான் போவான் என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். கப்பல் ஏறும்போது எல்லோரும் அண்டா குண்டா கட்டினார்கள். இவர் கம்பளிக்குள் கத்தியைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

முள்ளுப்பழச் செடியையும் வருஷா வருஷம் மார்கழியில் அந்தக் கத்தியால்தான் வெட்டினார். முழங்கால் மட்டம். வெட்டிய இடத்திலிருந்து தை கடைசியில் தளிர் வெடித்துக் கிளம்புவதைப் பார்த்து வழியில் போகிறவர்கள் நின்று பாராட்டுவார்கள். "என்னா செழிப்புண்ணே." ஆமாம், செழிப்புக்குக் குறைச்சல் இல்லை.

"கத்தியை எடுத்துக்க" என்றார் ராக்கம்மாவிடம். "இன்னும் நாலு நாள்ல வெட்டியாகணும். ஒரே வெட்டு. ரெண்டாவது வெட்டு விழுந்தா தண்டு பிளந்துரும். முழங்கால் மட்டம்."

"யாரு முழங்காலு? உங்களுதா, என்னுதா?"

"என்னுதுதான். உன் முழங்காலுக்கு வெட்டுனா செடி மண்ணுக்குள்ள போயிரும்."

அவள் கத்தியை வாங்கிக்கொண்டாள். கையில் வாங்கியதே அதுதான் முதல் தடவை. தேயிலைத் தோட்டத்தில் பொம்பளைக்குக் கொழுந்து பறிக்கிறது, ஆம்பளைக்குக் கவ்வாத்து. அவளுடைய அம்மாகூட அப்படிப்பட்ட கத்தியைத் தாண்டித்தான் நடந்திருக்கிறாளே தவிரத் தொட்டதில்லை.

மேலே பிச்சையம்மாள் படுக்கை விரிப்புகளைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வில்பட்டிக்காரி. வீட்டில் பூண்டு விவசாயம். வெள்ளனே பஸ் ஏறி வந்து காட்டேஜில் துவைக்கிற சோலியைப் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பிவிடுவாள்.

"என்ன மதினி, கத்தியும் கையுமா? அண்ணன் கால் ஒடிஞ்சதுக்கு யாரைப் பழிவாங்கக் கெளம்பிட்டீக?"

"செடியத்தான்."

"அதுவா. போன வருசமே அண்ணன்கிட்டக் கேட்டேன். இந்தப் பழம் எங்க பூண்டுக்காட்டு ஓரமெல்லாம் கெடக்கு. சித்திரையில சட்டி நெறையப் பறிப்போம். அங்கிட்டு எந்த மகராசன் வந்து கவ்வாத்து வெட்டிட்டுப் போறான்னு கேட்டேன். அதுக்கு என்ன சொன்னாக தெரியுமா?"

ராக்கம்மாவுக்குத் தெரியும். அவளும் பக்கத்தில்தான் நின்றாள். "காட்டுல கெடக்குறது காட்டுப்புள்ள. வீட்டுல வளக்குறதுக்குத் தலை சீவி விடணும்ல" என்று சொல்லியிருந்தார்.

"தலை சீவச் சொன்னா தலையையே சீவுறாக" என்று சொல்லி, பிச்சையம்மாள் விரிப்பை உதறினாள்.

ராக்கம்மா செடிக்குள் நுழைந்தாள். கால் மாற்றி நின்று, ஓரத்துக் குச்சி ஒன்றைப் பிடித்து, கத்தியை வைத்து இழுத்தாள். வெட்டு விழுந்தது. நன்றாகவே விழுந்தது. வெட்டுவாயில் உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தது. அடுத்த குச்சிக்கு எட்டியபோது நாலு பக்கமும் முள் சேலையைப் பிடித்துக்கொண்டது. ஒன்றை எடுத்துவிட்டால் இன்னொன்று பிடித்தது. வெடுக்கென்று இழுத்ததில் முந்தானையின் நீலக் கரை ஒரு முழத்துக்கு மேல் கிழிந்து தொங்கியது.

அவள் அப்படியே வேலிக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வருஷம் வெட்டினோம், மூன்று வருஷமும் பழம் இல்லை. பூண்டுக்காட்டில் யாரும் வெட்டுவதில்லை, சட்டி நிறையப் பழுக்கிறது. அவளுக்குச் செடியைப் பற்றி வேறொன்றும் தெரியாது. ஆனால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பதினெட்டு வயதிலிருந்து கத்தி பிடித்த மனிதரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? அதுவும் அவர் கட்டிலில் கிடக்கும்போது? சொன்னால் நொண்டியடித்துக்கொண்டாவது மேலே வந்து வெட்டிவிடுவார்.

கிழிந்த கரையை முழுதாகக் கிழித்து எடுத்தாள். அதைப் பட்டை பட்டையாகப் போட்டுக்கொண்டாள். படர்ந்து கிடந்த குச்சிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, கம்பி வேலியோடு சேர்த்து, கொழுந்துக் கூடைக்குக் கயிறு போடுகிற முடிச்சாகப் போட்டாள். இனி யார் துப்பட்டாவும் கிழியாது, அந்த மட்டுக்குமாவது மேடம் வாய் திறக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டாள். கரை போதாமல் போய், உள்பாவாடை நாடாவையும் உருவலாமா என்று அவள் யோசித்தபோது பிச்சையம்மாள் ஒரு பழைய தலையணை உறையைக் கொடுத்தாள். மொத்தம் இருபத்தேழு முடிச்சு.

படி இறங்கி வரும்போதே கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிட்டேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வேலை முடிந்ததா என்று அவர் கேட்டார். கொடியை முடிந்துவிட்டேன் என்று அவள் சொன்னாள். அவர் காதில் அது முடிச்சிட்டேன் என்று விழுந்தது. திருத்த ஒரு நிமிஷம் இருந்தது. அந்த நிமிஷம் போய்விட்டது.

"வெட்டுன குச்சி ஒண்ணு காட்டு" என்றார்.

அந்த ஒன்றே ஒன்று அவள் கையில் இருந்தது. வாங்கி வெட்டுவாயை விரலால் தடவிப் பார்த்தார். "பரவால்லையே. எனக்குக்கூட மொத வருசம் இப்பிடி விழுகலை" என்றார்.

ராக்கம்மா அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டாள். அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு இரண்டு மாதம் அவள் வார்த்தையை அளந்துதான் பேசினாள். "தளிர் வந்துருச்சா?" என்று கேட்டால், "வருது" என்பாள். வந்துகொண்டுதான் இருந்தது, வேறு இடத்தில். "ஒசரம் எம்புட்டு?" என்று கேட்டால், "இருக்கு" என்பாள். தை மாதத்தில் நாலு நாள் உறைபனி விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தால் புல்லெல்லாம் உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளை, முள்ளுச்செடி இலை பாதி கருகிச் சுருண்டிருந்தது. வெட்டியிருந்தால் கருக இலையே இருந்திருக்காதே என்று தோன்றியது. கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டி ஒன்றில் சில்வர் பாத்திரங்களை மட்டும் எடுத்து வைத்தாள். தினமும் புழங்காத பாத்திரங்கள்தான். இருளப்பன் அதைப் பார்த்தார், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கால் கொழுக்கட்டை வெந்ததுபோல் வெளுத்து, மடங்க மாட்டேன் என்று நின்றது. கம்பு ஊன்றி அறைக்குள் நடந்தார். மாசி பிறந்த அன்று, ராக்கம்மா குழாயடியில் இருந்த நேரமாகப் பார்த்து, டாக்டர் சொன்னதை மறந்துவிட்டு, முப்பத்தாறு படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிட்டார். இடுப்பில் கத்தி. தளிரைப் பார்க்கப் போகிறவருக்குக் கத்தி எதற்கு என்றால், அது இல்லாமல் அவர் தோட்டத்துக்குள் போனதே கிடையாது.

"ராக்கு" என்று மேலிருந்து ஒரு சத்தம். ஒரே தடவைதான்.

அவள் ஈரக் கையோடு ஓடினாள். அவர் வேலிக்கு முன்னால் கம்பை ஊன்றி நின்றார். செடி அவர் தலைக்கு மேல் வேலி முழுவதும் பரவி நின்றது, நீலக் கரைத் துணியில் இருபத்தேழு முடிச்சோடு.

"இது என்னா?"

"கொடி."

"கொடின்னு தெரியுது. வெட்டிட்டேன்னு சொன்னியே."

"வெட்டிட்டேன்னு நான் சொல்லலைங்க."

"பின்னே?"

"முடிஞ்சிட்டேன்னு சொன்னேன். பாருங்க, முடிஞ்சுதானே இருக்கு."

இருளப்பன் முடிச்சைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி முடிச்சைப் பார்த்தார். துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பிச்சையம்மாளுக்கு அடக்க முடியவில்லை.

"மதினி பொய் சொல்லலண்ணே. மாவுக்கட்டு உங்க காதுலயும் சேத்துல்ல போட்டுட்டாக."

"ஓஞ் சோலியைப் பாரு புள்ள" என்றார். கம்பை வேலியில் சாய்த்துவிட்டுக் கத்தியை உருவினார். "இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகலை. மாசியில வெட்டுனாலும் துளுக்கும்."

முழங்கால் மட்டத்துக்கு வெட்ட முழங்காலை மடக்கிக் குனிய வேண்டும். அது மடங்கவில்லை. இடுப்பை மட்டும் வளைத்துப் பார்த்தார், தடுமாறி முள்ளுக்குள் விழப் போனார். ராக்கம்மா பாய்ந்து கையைப் பிடித்தாள்.

"அப்பிடியே பிடிச்சுக்க" என்றார், கத்தியை நீட்டியபடி.

"பிடிச்சா வெட்டுவீங்க. விட்டா விழுவீங்க. நான் என்ன செய்ய?"

"பிடிச்சுக்கன்றேன்ல."

"கத்தியைக் கீழ போடுங்க, பிடிச்சுக்கிறேன்."

அவருக்கு மூச்சு வாங்கியது. "வெட்டாம விட்டு, சித்திரையில பழம் வரலைன்னா?"

"வெட்டுனப்பவும் வரலையேங்க."

அதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பிச்சையம்மாள்கூட விரிப்பை உதறுவதை நிறுத்திவிட்டாள். இருளப்பன் முகத்தில் அடிபட்ட மாதிரி நின்றார்.

"அப்ப மூணு வருசமா எம் மேல தப்புன்றே."

"நான் அப்பிடிச் சொல்லலைங்க. இந்த ஒரு சித்திரை மட்டும் விடுங்கன்றேன். வெட்டுறதுன்னா அடுத்த மார்கழிக்கு வெட்டிக்கலாம். நாம இங்க இருந்தா."

கத்தி கீழே விழவில்லை. அவர் அதை மடித்த துணிக்குள் சொருகி அவள் கையில் கொடுத்தார். கம்பை எடுத்துக்கொண்டு படிப்பக்கம் திரும்பினார். மூன்று படி இறங்கிய பிறகு, திரும்பிப் பார்க்காமல், "வீடு போச்சுன்னா உன்னாலதான்" என்றார்.

அப்புறம் ஐந்து நாள் பேச்சில்லை. இருந்த ஒரே அறையில் பேசாமல் இருப்பது பெரிய வேலை. உப்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "இந்த வீட்டுல உப்புன்னு ஒண்ணு இருக்கா?" என்பார். அவள் அடுப்பைப் பார்த்து, "இருக்கு, டப்பாவுல" என்பாள்.

ஆறாம் நாள் ராக்கம்மா தண்ணீர் ஊற்றப் போனபோது செடியிலிருந்து சத்தம் வந்தது. கிட்டே போனாள். தேனீ. போன வாரம் இலை மொட்டா பூ மொட்டா என்று தெரியாமல் அவள் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த பச்சை முனைகள் திறந்துவிட்டிருந்தன. விரல் நகம் அளவுக்கு வெள்ளைப் பூ. கொத்துக் கொத்தாக, வேலி நெடுக, அவள் முடிந்து வைத்த ஒவ்வொரு குச்சியிலும். எத்தனை நேரம் நின்றாள் என்று தெரியாது. காலடியில் குழாய் நீர் ஓடிப் படியில் வழிந்துகொண்டிருந்தது.

அவரிடம் போய்ச் சொல்லவில்லை. பூ என்பது பழம் இல்லையே. ஆனால் அன்றைக்கு மத்தியானம் அவள் சட்டியைக் கவிழ்க்கிற சத்தத்திலேயே ஏதோ மாறிவிட்டது போலிருக்கிறது. "காலுக்கு நடை வேணும்னு டாக்டரு சொல்லிருக்காரு" என்று சுவரிடம் அறிவித்துவிட்டு இருளப்பன் கிளம்பினார். படி ஏறக் கூடாது என்று சொன்னவரும் அதே டாக்டர்தான். ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். சோற்றைப் போட்டுக்கொண்டு, உப்பை அவளிடமே கேட்டார்.

பூ உதிர்ந்து பச்சைக் காய் பிடித்தது. பங்குனி முழுக்க அது பச்சையாகவே கல் மாதிரி இருந்தது. பங்குனி கடைசியில் ஒரு காலை, வேலியின் கிழக்கு ஓரத்தில் வெயில் முதலில் படுகிற குச்சியில், ஒன்று மட்டும் மஞ்சளாகியிருந்தது. மறுநாள் பத்து. அதற்கு மறுநாள் எண்ணவில்லை. கொண்டைக்குருவிகள் வந்துவிட்டன, இருளப்பன் தலைகீழாய்க் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து அவற்றைக் கம்பால் விரட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க வா" என்று கூப்பிட்டார். "கிட்ட வா. இது எந்த வருசத்துக் குச்சி?"

"எனக்கு என்ன தெரியும்?"

"தோலைப் பாரு. பழுப்பாயிருச்சுல்ல, இது போன வருசத்துது. இதுல பழம். இது பச்சையா இருக்கு, இந்த வருசம் கெளம்புனது. ஒரு காய் இருக்கா பாரு. நானும் ரெண்டு நாளா ஒவ்வொரு குச்சியா பாத்துட்டேன்." கம்பு நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "புதுக் குச்சி மொத வருசம் சும்மா வளருது. அடுத்த வருசம்தான் பழுக்குது. தேயிலைக்கு நமக்கு எலைதானே வேணும், வெட்டுனா எலை வரும். இதுக்கும் அதே கணக்கைப் போட்டுட்டேன்."

ராக்கம்மா ஒரு பழுப்புக் குச்சியைத் தொட்டுப் பார்த்தாள்.

"மூணு வருசமா நான் பழத்தைத்தான் புள்ள வெட்டிப் போட்டுருக்கேன்" என்றார். "முழங்கால் மட்டத்துல."

ராக்கம்மா, "டீ போட்டுக் கொண்டாரவா?" என்று கேட்டாள். "கொண்டா" என்றார். அவள் திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து, "அந்த முடிச்சு நல்ல முடிச்சு. காத்துக்கு ஒண்ணுகூட அவுரலை" என்றார்.

சித்திரை இரண்டாவது சனிக்கிழமை சுகன்யா மேடம் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வண்டியில் திருச்சியிலிருந்து ஒரு குடும்பம், இரண்டு பிள்ளைகளோடு. காரை விட்டு இறங்கிய மேடம் கேட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வேலி நெடுக மஞ்சள். ஒரு பழத்தைத் தொட்டதும் அது காம்பில் தன் வெள்ளை நடுவை விட்டுவிட்டுத் தொப்பி மாதிரிக் கையில் வந்தது. வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இதேதான்" என்றார். "இதேதான் ராக்கம்மா."

பிள்ளைகள் இரண்டும் பழத்தைப் பறித்து விரல் நுனியில் தொப்பி போட்டுக்கொண்டு ஆட்டிக்கொண்டிருந்தன. சின்னது பத்து விரலுக்கும் போட்டுவிட்டு எதை முதலில் தின்பது என்று தெரியாமல் நின்றது.

மேடம் இருளப்பனிடம் திரும்பினார். "மூணு வருஷமா ஒண்ணு இல்லை. இந்த வருஷம் அப்படி என்னண்ணே பண்ணீங்க?"

ராக்கம்மா அவர் வாயையே பார்த்தாள். மூன்று வருஷமாக நான்தான் வெட்டிக் கெடுத்தேன் என்று சொல்லிவிடுவாரோ, அப்படிப்பட்ட தோட்டக்காரன் எதற்கு என்று மேடம் கேட்டுவிடுவாரோ என்று இருந்தது. இருளப்பனுக்குப் பொய் வராது. அவர் கம்பின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"கால் ஒடிஞ்சுச்சும்மா" என்றார்.

பிச்சையம்மாள் வாளியோடு அவசரமாக வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டாள்.

மேடம் சிரித்தார். "காலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்கும்மா. நான் படுத்துட்டேன், வீட்டுல இவதான் பாத்துக்கிட்டா. கட்டி விட்டது எல்லாம் இவதான். நான் பாத்துக்கிட்டவரைக்கும் பழுக்கலை."

அவ்வளவுதான். மேடம் ராக்கம்மாவைப் பார்த்தார், நீலக் கரை முடிச்சுகளைப் பார்த்தார். திருச்சிக்காரரின் டிரைவர் வண்டியை எங்கே விடுவது என்று கேட்டபோது, "வெளியில ரோட்டோரமா விட்டுக்கோங்க" என்றார், திரும்பிப் பார்க்காமலே. பிறகு இருளப்பனிடம், "அந்தப் பக்கத்து வேலிக்கும் இதையே விட முடியுமாண்ணே?" என்று கேட்டார்.

"விடலாம்மா. நுனியை மண்ணுல அமுக்கி ஒரு கல்லை வெச்சாப் போதும். ஆடிக்குள்ள வேர் பிடிச்சுரும். ரெண்டு வருசம் மட்டும் பொறுக்கணும்."

"ரெண்டு வருஷமா? பொறுத்துக்கலாம்."

ராக்கம்மா முப்பத்தாறு படியையும் இறங்கி வந்தாள். பதினொன்றாவது படியில்கூட நின்று பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, சில்வர் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் தட்டில் அடுக்கினாள். காலிப் பெட்டி இரண்டையும் காலால் மிதித்துக் கிழித்து அடுப்பில் வைத்தாள். காய்ந்த அட்டை குப்பென்று பிடித்துக்கொண்டது. மேலே இருக்கிற எல்லாருக்குமாகச் சேர்த்து டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

ஆனி மாதத்தில் பழம் ஓய்ந்தது. பழுத்த குச்சிகள் மட்டும் தாமாகவே இலை உதிர்த்துக் காய்ந்தன. பச்சைக் குச்சிகள் நன்றாக இருந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இருளப்பன் கத்தியைக் கேட்டார். ராக்கம்மா கொடுக்கத் தயங்கினாள்.

"காஞ்சதை மட்டும்தான். பழுத்துட்டா அதுக்கு ஆயுசு அம்புட்டுதான் போல. அதை எடுத்தாத்தான் பச்சைக்கு எடம்."

"எந்த மட்டத்துக்கு?"

"தரை மட்டம். யாரு முழங்காலும் வேண்டாம்."

கால் இப்போது பாதிக்கு மடங்கியது. முக்கிக்கொண்டு குனிந்து காய்ந்ததாகப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரே வெட்டு. கீழே குழாயடியிலிருந்து ராக்கம்மா குரல் கொடுத்தாள்.

"முடிஞ்சிருச்சா?"

மேலே கடைசிக் குச்சி ஒன்று விழுந்தது.

"எனக்கு முடிஞ்சிருச்சு" என்றார். "மிச்சத்தை நீ வந்து முடிஞ்சுட்டுப் போ. வரும்போது பழைய சேலை ஒண்ணு கொண்டா. நீ உடுத்தியிருக்கிறதைக் கிழிக்காத."